ஆலைத்தெருவில் விழுந்த விளக்கு ஓட்டு

ஆலைத்தெருவில் பிறக்கிற பிள்ளை அம்மா என்று சொல்லுமுன் மண்வெட்டி என்று சொல்லும் என்று அந்தச் சிற்றூரில் ஒரு கேலி உண்டு. மண்வெட்டி அந்தத் தெருக்காரர்களின் கட்சிச் சின்னம். அடுத்த சந்தைத்தெருவுக்கு விளக்குச் சின்னம். இரண்டு தெருவும் பெண் கொடுக்கும், பெண் எடுக்கும். ஓட்டை மட்டும் கொடுக்காது. ஓட்டுச்சாவடிவாரியாக எண்ணுவதால் எந்தத் தெரு எந்தப் பக்கம் என்பது ஊருக்கே வெட்டவெளிச்சம். ஆலைத்தெருச் சாவடியில் விளக்குக்கு என்றைக்கும் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யத்தைப் பட்டம் வாங்கிய மாதிரிச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தத் தடவை ஒன்று விழுந்திருந்தது.

ஜெயித்தது என்னவோ மண்வெட்டிதான். ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் பல்லில் கடிபட்ட கல்லைப் பற்றித்தானே நாம் பேசுவோம்? யார் அந்த ஒருவர் என்று தெரு அதிகம் யோசிக்கவில்லை. மோட்டார்காரர் வீட்டு மருமகள் சந்தைத்தெருப் பெண். விளக்கில் நின்றவரோ அவளுடைய சொந்த அத்தை, ஓய்வுபெற்ற நர்ஸ். வேறு யாராக இருக்கும்?

மருமகள் வாசலறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். அளவு கொடுத்துப் போனவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவசரமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். வெட்டிய துணியைக்கூட விடவில்லை. அவள் புருஷன் டீக்கடையில் வாங்கிய குத்தல்களையெல்லாம் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். பிறகு அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான்.

வீட்டை ஒட்டிய பட்டறையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் மாமனார் மோட்டார்காரர். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். அந்தத் தெருவில் கட்சிக்குத் தலைவரும் அவர்தான். கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியதே அவர் கைதான். இப்போது அந்தக் கை செம்புக்கம்பி சுற்றச் சுற்ற எண்ணிக்கை தவறித் தவறிப் போயிற்று. தவறாமல் என்ன செய்யும்? அந்த ஓட்டைப் போட்டவரே அவர்தான்.

தேர்தலுக்கு முன்னால் நர்ஸம்மா தன்னந்தனியாக அந்தத் தெருவுக்கு வந்திருந்தார். ஒரு கதவும் திறக்கவில்லை. பட்டறைக்கு வந்து, ஓட்டுக் கேட்காமல், கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டார். பழுதுபார்க்க வந்திருந்த மோட்டார் ஒன்றின் மேல் உட்கார்ந்து, வார் அறுந்த செருப்பைத் துண்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு போனார். சாவடியில் மறைப்புத் தட்டிக்குப் பின்னால் நின்றபோது மோட்டார்காரருக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பாவம், ஒன்றுகூட விழாதே என்று நினைத்தார். விரல் விளக்கில் அழுந்திவிட்டது. ஆற்றில் கரைத்த புளிதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று வெளியே வந்துவிட்டார். பூஜ்யத்தையே கட்டிக் காத்த தெருவில் ஒன்று என்பது மலை என்று தலைவருக்கே தோன்றாமல் போயிற்று, பாருங்கள்.

ஒரு மத்தியானம் மகன் தட்டைத் தானே எடுத்து, தானே போட்டுக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். அதற்குமேல் தாங்க முடியாமல் மோட்டார்காரர் மெஷின் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மாடி, அந்த ஓட்டு நான் போட்டது."

அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

"எங்க அத்தை என்னைத் தூக்கி வளத்தவங்க, மாமா. அவங்களுக்குப் போடணும்னு கை துடிச்சுது. தலைவர் வீட்டு ஓட்டே மாறிப்போச்சுன்னு உங்கள யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதேன்னுதான் மண்வெட்டிக்குப் போட்டேன்."

அவர் நின்ற இடத்திலேயே சிறுத்துப்போனார்.

"இப்ப நான் என்னம்மா செய்யட்டும்?"

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? தெருவுல சொல்லுங்க."

சாயங்காலம் டீக்கடையில், மகனும் இருக்கும்போதே சொன்னார். டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணே, கொடிக்கம்பம் எழுந்து போயி விளக்குக்குப் போட்டுச்சுன்னா நம்பலாம். நீங்க போட்டீங்கன்னா எவன் நம்புவான்?" என்றார் டீக்கடைக்காரர்.

"சத்தியமா போட்டேன்யா."

"பாத்தீங்களா? மருமகளக் காப்பாத்த மாமனாரு பழியத் தூக்கித் தன் தலையில வெச்சிக்கிறாரு. மனுசன்யா இவரு."

நர்ஸம்மா வந்து உட்கார்ந்த கதையையும் அவர் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவருடைய பெருந்தன்மைதான் வளர்ந்தது. ஓட்டுக்குச் சாட்சி ஏது? யாரும் பார்க்கக் கூடாது என்றுதானே தட்டி கட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷத்து விசுவாசமே அவர் வாயை அடைத்தது. மகன் கண் கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். சின்னப்பெண் புத்தியில்லாமல் செய்துவிட்டாள், தலைவர் முகத்துக்காக விட்டுவிடுவோம் என்று கடையில் இருந்தவர்கள் தீர்ப்புச் சொல்லிக் கலைந்தார்கள்.

மறுநாளே துணிகள் திரும்பி வரத் தொடங்கின. இனிமேல் பார்த்து நடந்துகொள் என்று சொல்லித்தான் ஒவ்வொருத்தியும் அளவு கொடுத்தாள். மகனும் பெரிய மனசு பண்ணி அவளோடு பேசினான். அவள் கத்திரியைக் கையிலிருந்து விடாமலே துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். மோட்டார்காரர் உள்ளே வந்தபோது மட்டும் கத்திரியைக் கீழே வைத்தாள்.

"நான் செய்யாத தப்ப எல்லாரும் மன்னிச்சிட்டாங்க, மாமா. இனி நான் யாரை மன்னிக்கணும்? நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி துணிப்பையோடு படியேறி வந்தாள். மாமனார் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சொல்லி, அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.