பனாயிஸ் வீட்டு மேஜை

கிரேக்க நாட்டின் கெஃபலோனியாத் தீவுக்காரர்களுக்கு நிலம் ஆடினால் உடனே எழுந்து ஓடுகிற வழக்கம் கிடையாது. பனாயிஸ் வீட்டில் அது கௌரவப் பிரச்சினையே ஆகிவிட்டது. தரை குலுங்கியதும் எல்லோர் கையும் ஒயின் தம்ளருக்குப் போகும், ஒரு சொட்டு சிந்தக்கூடாது. அடங்கிய பிறகு ஆளுக்கொரு ரிக்டர் எண் சொல்வார்கள், நாலு புள்ளி ஒன்று, நாலு புள்ளி ஐந்து என்று. சாயங்காலம் ரேடியோ செய்தியில் யார் ஜெயித்தது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் பனாயிஸ்தான்.

அந்த மனுஷனுக்கு ஊரில் பேரே அப்படி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்துமூன்று ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் தீவே தரைமட்டமானபோது, சிறுவனாக இருந்தும் சாப்பாட்டு மேஜையை விட்டு அசையாதவர் என்று காப்பிக்கடையில் இன்றைக்கும் பேசுவார்கள். அவரும் மறுத்ததில்லை. வருகிற மருமகனுக்கும் அதே பரீட்சைதான் வைத்தார். மகள் ரூபினியைக் கேட்டு வந்த இரண்டு பேர் இந்த மேஜையிலிருந்துதான் ஓடினார்கள். இரண்டாமவன் ஓடிய ஓட்டத்தில் நேரே துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேறிவிட்டான்.

அவர்கள் போனதில் ரூபினிக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் ஸ்டாதிஸ் போனால் அவளால் தாங்க முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம், லாரிசா சமவெளியிலிருந்து ஆட்டு மந்தைகளுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் அவன். அவனை விடவும் முடியாது, அப்பாவைப் பகைத்துக்கொண்டு போகவும் மனசு வராது. வசந்தத்திலிருந்தே நிலம் அடிக்கடி ஆடிக்கொண்டிருந்தது. அப்பா வேண்டுமென்றே ஞாயிறுதோறும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டார். ரூபினியும் விடாமல் பாடம் நடத்தினாள்: "உசுரே போனாலும் எழுந்திரிக்காதே. பெரிய ஆட்டத்துக்கு அப்புறம் கட்டுன வீடு, விழாது. தம்ளரைப் பிடிச்சுக்கோ, ஒரு நம்பரைச் சொல்லு, போதும்."

அந்த ஞாயிறு பனாயிஸின் அக்கா எவாந்தியா, ஆட்டுக்கறியும் அரிசியும் உள்ளே வைத்துச் சுட்ட பீத்தாவைத் தட்டோடு கொண்டுவந்து வைத்தாள். பனாயிஸ் கத்தியை எடுத்தார். வெளியே நாய் ஊளையிட்டது. வந்துவிட்டது.

எல்லாக் கைகளும் தம்ளருக்குப் போயின. ஸ்டாதிஸின் கையும் போனது. ரூபினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் இது நிற்கிற ஆட்டமாக இல்லை. அலமாரியிலிருந்து பீங்கான்கள் ஒவ்வொன்றாகக் குதித்தன, கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. ஓட வேண்டிய ஆட்டம்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் சமவெளிக்காரன் ஒருத்தன் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருக்கும்போது தீவுக்காரன் எப்படி முதலில் எழுந்திருப்பது? அத்தை தம்பியைப் பார்த்தாள், தம்பி ஸ்டாதிஸைப் பார்த்தார், ஸ்டாதிஸ் யாரையும் பார்க்கவில்லை. வீம்பு பிடித்த குடும்பம், வேறென்ன சொல்ல!

தொங்குவிளக்கு அறுந்து மேஜை நடுவில் விழுந்ததும் பனாயிஸின் கௌரவமும் அறுந்தது. பீத்தாத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். பின்னாலேயே அத்தை. ஊர் முழுக்கக் களத்துமேட்டில் கூடியிருந்தது. பனாயிஸ் தட்டும் கையுமாக ஓடி வருவதைப் பார்த்ததும் பயத்தையெல்லாம் மறந்து வயிறு வலிக்கச் சிரித்தது.

உள்ளே ரூபினி ஸ்டாதிஸைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை.

"ரூபினி, காலு வரமாட்டேங்குது," என்றான். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஓடத்தான் பார்த்தேன். முடியல."

அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, அடி மேல் அடி வைத்துக் களத்துக்குக் கொண்டு வந்தாள். அதற்குள் அங்கே பனாயிஸ் பேச்சை மாற்றியிருந்தார். தான் ஓடியதை மறைக்க மாப்பிள்ளையைத் தூக்கி வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். சிங்கம், இரும்பு நெஞ்சு, இப்படி ஒருத்தனைத் தீவே பார்த்ததில்லை. சும்மா இரு, வாயைத் திறக்காதே என்று ரூபினி அவன் கையைக் கிள்ளினாள். பொய் சொல்லத் தெரியாத ஜன்மம், கேட்குமா?

"நான் தைரியத்துல உட்காரலைங்க," என்றான். "பயத்துல காலு வரல."

பனாயிஸின் முகம் கறுத்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தாள் ரூபினி. அப்போதுதான் அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"டேய் பனாயிஸ், அந்த ஐம்பத்துமூணுல நீ மட்டும் வீரத்துலயா உட்கார்ந்திருந்தே? காலு வராமக் கிடந்த உன்னைச் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தவ நான். இத்தனை வருஷம் வாயை மூடிட்டு இருந்தாச்சு. இனிமே முடியாதுடா."

ஊர் மறுபடி சிரித்தது. பனாயிஸுக்குக் காது மடல் வரை சிவந்தது. தட்டைக் கல்சுவரில் வைத்து, சுண்ணாம்பை ஊதித் தள்ளி, நன்றாக முறுகிய மூலைத் துண்டை வெட்டி ஸ்டாதிஸிடம் நீட்டினார். அந்த வீட்டில் மூலைத் துண்டு அவரைத் தவிர யாருக்கும் போனதில்லை. ரூபினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

யாரோ மேஜைகளைத் தூக்கி வந்தார்கள், ஒயின் வந்தது, மாண்டலினும் வந்தது. இரண்டாவது தம்ளர் ஊற்றும்போது நிலம் மறுபடி ஆடியது. எல்லோர் கையும் தம்ளருக்குப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை. மேஜைக்கு அடியில் அப்பாவின் இன்னொரு கை ஸ்டாதிஸின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்ததை ரூபினி மட்டும் பார்த்தாள்.

ஆட்டம் நின்றது. ஸ்டாதிஸ் தொண்டையைச் செருமினான்.

"நாலு புள்ளி ரெண்டுங்க."

"மூணு," என்றார் பனாயிஸ், கையை விடாமல். "நாலு புள்ளி மூணு, மாப்பிள்ளை."