ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு டயர்கள்

1.

இந்தக் கதைக்குள் நாற்பத்தொரு மணி நேரம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டயர் மாட்டி முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அந்தக் கார் பந்தயப் பாதைக்குள் நுழைகிறது. நடுவில் இருப்பதை மட்டும் எழுதினால் போதும் என்று நினைத்தேன்.

எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை என் ஸ்கூட்டர் பஞ்சர். டயர் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே, வண்டியைத் தூக்கும் லிஃப்டின் மேல், சக்கரங்கள் கழற்றிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார். வெளிர்பச்சை நிறம். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கதவு திறந்திருந்தது, பக்கத்தில் யாரும் இல்லை. யாருடையது என்று கேட்டிருக்கலாம். நான் கேட்கிற ரகம் இல்லை. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் தாண்டிப் போனால்கூட வாயைத் திறக்காமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடக்கிற ரகம்.

அதனால் வீட்டுக்கு வந்து, காருக்குச் சொந்தக்காரரை நானே செய்துகொண்டேன்.

2.

முதல் தொடக்கம்: ‘அவனுக்கு வேகம் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே’

அடித்துவிட்டேன். வேகம் பிடித்த ஆண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

இரண்டாவது: ‘கார் அவளுடைய கணவருடையது. அவர் இறந்து’

இதுவும் வேண்டாம். ஒரு பெண்ணிடம் நல்ல கார் இருந்தால் அதற்காக ஒரு கணவரைக் கொல்ல வேண்டுமா என்ன?

மூன்றாவது: ‘டாக்டர் மயக்க மருந்து கொடுப்பவர்.’

இது நின்றது. நாற்பத்து நான்கு வயது. கணவர் உயிரோடு, வீட்டில், நிம்மதியாக இருக்கிறார். மூக்குத்தண்டின் மேல் முகக்கவசத்தின் கம்பி வருடக்கணக்காக அழுத்திய ஒரு கோடு. வாரம் முழுவதும் மற்றவர்களைத் தூங்கவைத்துவிட்டு, அவர்கள் விழிக்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறாவது, தான் முழுசாக விழித்திருக்க அவருக்கு ஓர் இடம் வேண்டும். பதினொரு வளைவுகள் உள்ள ஒரு பாதைதான் அந்த இடம். எல்லா டாக்டர்களும் இப்படியா என்று கேட்காதீர்கள். இவர் இப்படி.

(இதற்கெல்லாம் முன்னால், ஒரு தனித்தாளில் ஒற்றை வரி எழுதியிருந்தேன். அழகுக்காக எழுதிய வரி. அது இருக்கும்வரை டாக்டர் ஏழாவது வளைவைத் தாண்டி வரமாட்டார். அந்த வரி என்ன என்று இப்போது சொல்லமாட்டேன். கதை முடிவில் ஒரு திடுக்கிடல் வேண்டுமே என்று ஒளித்துவைத்தேன். அன்றைக்கு அதுதான் காரணம்.)

3.

வியாழக்கிழமை எழுதியது. வெள்ளிக்கிழமை நடப்பதாக.

டயர் கடைக்காரருக்கு எல்லோரும் வைத்த பெயர் காத்து. நாள் முழுக்கக் காற்றடிக்கிறவர், பேச்சிலும் கொஞ்சம் கலந்து அடிப்பார். டாக்டருக்காக வகைக்கு ஒன்றாக இரண்டு டயர்களைச் சுவரில் சாய்த்துவைத்திருந்தார். இடது பக்கம் இருந்ததில் கைரேகை மாதிரி நிறையப் பள்ளங்கள். வலது பக்கம் இருந்ததில் இரண்டே பள்ளங்கள், மற்றபடி மொழுமொழுவென்று இருந்தது. டாக்டர் குனிந்து அதில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். தடம் உடனே மறையவில்லை.

“சூடேறினா இன்னும் மெத்துன்னு ஆகும் டாக்டரம்மா. தரையை அப்படியே கவ்விக்கும். ஒரு ரவுண்டு மெதுவா போங்க, அப்புறம் நீங்க எங்க பாக்கறீங்களோ வண்டி அங்க போகும்.”

டாக்டர் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருந்த நான்கு எண்களைத் தேடிப் படித்தார். எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்பது அதில் இருக்கும்.

“ரெண்டு மாசந்தான் ஆகுது. பச்சைக் குழந்தை,” என்ற காத்து, அவர் இன்னும் குனிந்திருப்பதைப் பார்த்துத் தொடர்ந்தார்:

“உங்ககிட்ட பழைய சரக்கைத் தள்ள முடியுமா? மருந்து பாட்டில் பாக்கற மாதிரில்ல பாக்கறீங்க.”

“தேதி பாக்காம ஊசி போட்டா நீங்க எந்திரிப்பீங்களா?”

“ஐயோ தாயே, உங்க ஆஸ்பத்திரி இருக்கற தெருவுக்கே நான் வரலை.”

டாக்டர் சிரித்தார். “சரி, சொல்லுங்க. ரெண்டுல எது?”

“காய்ஞ்ச தரைக்கு இந்த மொழுக்கையை அடிச்சுக்க ஆளே இல்ல.”

“காயாத தரைக்கு?”

காத்து வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். “வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. மூணு வாரமா ஒரு பொட்டு மேகம் இல்ல. வராததுக்குப் பயந்து இருக்கற வேகத்தை விடுவீங்களா?”

டாக்டர் யோசித்தார்.

(இந்த இடத்தில் அரை மணி நேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் இடது பக்கம் கை காட்டினால் கதையே இல்லை. வலது பக்கம் காட்டவைத்தேன்.)

அடிக்குறிப்பு: டயரில் பள்ளம் இருப்பது பிடிமானத்துக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். உலர்ந்த தரையில் பள்ளம் நஷ்டம்தான். தரையைத் தொடும் ரப்பர் அந்த அளவு குறைகிறது. பின் பள்ளம் எதற்கு என்றால் அது

வேண்டாம். பிறகு.

காத்து ரிம்மின் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரை மெஷினில் ஏற்றினார். காற்று ஏற ஏற, டயர் ரிம்மின் விளிம்பில் போய் உட்காரும்போது வெடிபோல இரண்டு சத்தம். ஒவ்வொரு முறையும் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு சக்கரங்களையும் மாட்டியபின் காத்து மஞ்சள் சாக்பீஸை எடுத்து, டயரிலிருந்து ரிம்வரை ஒரே கோடாக இழுத்தார்.

“பிரேக்கை ஏறி மிதிச்சா ரிம்மு நின்னுடும், டயர் வழுக்கி நகரும். அப்ப கோடு ரெண்டா உடைஞ்சு நிக்கும். வந்து காட்டுங்க, நான் சொல்றேன் எப்படி ஓட்டினீங்கன்னு.”

“உடையாம கொண்டாந்து காட்டறேன்.”

மணி நான்கு.

4.

சாக்பீஸ் மஞ்சளா வெள்ளையா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. படித்தது இயற்பியல். தெரியாததை எழுதினால் கை கூசும். சனிக்கிழமை காலை, கேட்கவேண்டிய கேள்வியை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போனேன். லிஃப்டின் மேல் வேறொரு வண்டி இருந்தது.

“இங்க ஒரு பச்சைக் கார் நின்னுச்சே... அது மாதிரி கார் டயர்ல கோடு போடுவீங்கன்னு...”

“டாக்டரம்மா காரா? நேத்து நாலு மணிக்கே மாட்டி அனுப்பியாச்சேம்மா. நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?”

நான் யாரிடமும் டாக்டர் என்று சொல்லவில்லை.

“எந்த டயர்?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை கேட்டேன்.

“மொழுக்கை. நகத்தால அமுக்கிப் பாத்துட்டு எடுத்தாங்க. தேதி பாக்காம ஊசி போட்டா நீங்க எந்திரிப்பீங்களான்னு என்னையவே கேக்கறாங்கம்மா!” அவர் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். உள்ளேயிருந்து யாரோ, “காத்தண்ணே, பம்பு நின்னுடுச்சு” என்று கூப்பிட்டார்கள்.

(காரின் கண்ணாடியில் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் இருந்திருக்கலாம். புதன்கிழமை அதைப் பார்த்து, பார்த்ததை மறந்திருப்பேன். காத்து என்ற பெயரும் அன்று காதில் விழுந்திருக்கும். ஆனால் ஊசி வசனத்தை வியாழக்கிழமை, டம்ளர் கழுவிக்கொண்டிருந்தபோது நான் யோசித்துக் கண்டுபிடித்தேன்.)

“தனியாவா வந்தாங்க?”

“தம்பி வந்திருந்தாரு. ஞாயித்துக்கிழமை அவரும் பக்கத்து சீட்ல உக்காந்து போறாராம். ரெண்டு பேரு வெயிட்டுக்குத் தக்கன காத்து வச்சேன். நாளைக்குக் காலையில ஏழரைக்கு இன்னொரு தரம் பாக்க வருவாங்க.”

தம்பி.

நான் அப்படி ஒருவரை எழுதவே இல்லை. என் கதையில் அந்த சீட் காலி.

5.

மாற்று முடிவுகள்.

அ. சனிக்கிழமை மதியம் டாக்டருக்கு மனசு மாறுகிறது. கடைக்கு ஃபோன் செய்து, பள்ளம் வைத்த டயரையே மாட்டிவிடுங்கள் என்கிறார்.

எழுதினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கடைக்கு நானே ஃபோன் செய்தேன். (இதை என் அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டார்.) “ஃபோனா? வரலையேம்மா. அந்த செட்டை அப்பவே வேற ஆள் எடுத்துட்டுப் போயிட்டாரு.”

ஆ. பாதையில் ஏதோ பழுது. ஞாயிறு ஓட்டம் ரத்து.

எழுதினேன். பாதை அலுவலகத்தில் ஒரு பெண் உற்சாகமாகப் பேசினார். “கண்டிப்பா இருக்குங்க. எட்டு மணிக்கு கேட்டைத் தொறந்துடுவோம். நீங்களும் வர்றீங்களா?”

இ. முதல் தாளைக் கிழித்தேன். அந்த ஒற்றை வரி இருந்த தாள். துண்டுகளைத் தண்ணீரில் போட்டு மை கரையும்வரை பார்த்தேன். பிறகு அந்த வரியை மறந்துவிட்டேனா என்று பார்ப்பதற்காக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஓர் எழுத்து பிசகாமல் வந்தது.

ஆக, வெள்ளி நான்கு மணிக்கு முன் எழுதியதெல்லாம் நடந்திருக்கிறது. பின்னால் எழுதியது ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படுவோம். இங்கே கருவி நான்தான்.

அந்த ஒற்றை வரியை எழுதியது புதன்கிழமை.

6.

இந்தப் பகுதியை டாக்டர் பக்கமிருந்து எழுதுகிறேன். என் பக்கமிருந்து எழுதத் தைரியம் இல்லை.

ஞாயிறு காலை ஏழரைக்கு டாக்டர் காரைவிட்டு இறங்கியபோது கடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி. பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஊசிக்கு முந்தைய நிமிடம் நோயாளிகளிடம் டாக்டர் பார்த்துப் பழகிய முகம் அது. கேள்வி இருக்கும், கேட்கமாட்டார்கள்.

அந்தப் பக்கக் கதவைத் திறந்து தம்பி இறங்கினான், தலையில் ஹெல்மெட்டோடு.

“ஏன்டா, இப்பவே எதுக்கு இது?”

“வீட்லேருந்து கடைக்கு நீ வந்த லட்சணத்தைப் பாத்தேன்கா. மாமாவும் சொல்லித்தான் அனுப்பினாரு, தூங்கும்போதுகூடக் கழட்டாதேன்னு.”

“பயமா இருந்தா இங்கயே இறங்கிக்கோ.”

“இறங்கிட்டா உனக்கு யாரு கத்தறது? ஆள் கத்தாம உனக்கு ஓட்ட வராதே.”

காத்து மீட்டரை எடுத்துக்கொண்டு முன் இடது சக்கரத்தருகே குந்தினார். குந்தியவர் எழவில்லை.

“டாக்டரம்மா, நடுவுல எங்கயாச்சும் வெரட்டினீங்களா?”

“இல்லையே. வீட்டுக்குப் போனதுதான். இப்ப வந்ததுதான்.”

மஞ்சள் கோடு உடைந்திருந்தது. டயரில் இருந்த பாதி, ரிம்மில் இருந்த பாதியை விட்டு நான்கு விரற்கடை தள்ளி நின்றது.

“உசிரு போறாப்புல பிரேக் அடிச்சாத்தான் இவ்வளவு நகரும்.”

“சோப்பை அள்ளிப் பூசியிருப்பீங்க. காயறதுக்குள்ள கிளம்பிட்டேன்.”

“இருக்கும்,” என்றார் காத்து. இருக்கும் என்று நினைக்கிறவர் குரல் இல்லை அது. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே விரலை நுழைத்து எதையோ பிடித்து இழுத்தார். வந்தது புல். ஒரு கொத்து, வேரோடு. வேரில் இருந்த மண் ஈரமாக இருந்தது. அவர் உள்ளங்கையிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டியது.

தம்பி ஹெல்மெட்டைக் கழற்றினான். “நம்ம பக்கம் புல்லு எல்லாம் எப்பவோ கருகிப்போச்சே அக்கா.”

டாக்டர் அந்தக் கொத்தை வாங்கிப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. காரணம் தெரியாமல் ஒரு நோயாளியின் நாடி இறங்கினால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியும். இங்கே தெரியவில்லை. புல்லைக் குப்பைத்தொட்டியில் போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“பழைய கோட்டை அழிச்சுட்டுப் புதுசா போடுங்க. நேரமாகுது.”

(சத்தியமாக இந்தப் புல்லை நான் எழுதவில்லை. ஏழாவது வளைவு வலது பக்கம் திரும்பும். அதன் இடது ஓரம் முழுக்கப் புல். புல்லைப் பற்றி அதை மட்டும்தான், புதன்கிழமை, அந்த ஒற்றை வரியில் எழுதியிருந்தேன்.)

7.

இன்னும் ஒன்றரை மணி நேரம் மிச்சம் இருக்கிறது. அதை நான் எழுதப்போவதில்லை. எழுதிப் பார்த்ததெல்லாம் போதும். அந்த நேரத்தை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கேட் திறந்திருக்கிறது, டயர்கள் சூடேறக் காத்திருக்கின்றன, பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறது. உங்களுக்கு இரண்டு பேரையும் பிடித்திருந்தால், நல்லபடியாக எழுதுங்கள். உங்கள் கைக்கு நடக்கக்கூடும்.

நான் இன்னும் செய்யாதது ஒன்றே ஒன்று. அதற்குப் பேனா தேவையில்லை.

டாக்டர் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். இன்ஜின் சத்தத்தில் கடையின் தகரக் கதவு அதிர்ந்தது. கார் நகர்ந்து, நாற்காலியைத் தாண்டி, நின்றது. கண்ணாடி இறங்கியது.

“என்னம்மா?” என்றார் டாக்டர். “வந்ததுலேருந்து பாக்கறேன். ஏதாவது சொல்லணுமா?”

நாற்காலியில் இருந்த பெண் எழுந்தாள். பை கீழே விழுந்தது. தலைக்கு மேலே வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

“மழை வரும், டாக்டர்,” என்றேன், புதன்கிழமை ஒளித்துவைத்த வரியிலிருந்து. “இன்னிக்கு மழை வரும்.”