பதினைந்தாவது வரி

முகம் கழுவிவிட்டு வந்தபோது காலை ஆறரை. திரையிலிருந்த பதிவில் பதினான்காவது வரிக்கு அடுத்து பதினாறாவது இருந்தது. பதினாறு, நான் இப்போது உள்ளே நுழைந்தது.

குளிர்பெட்டிக்குள் இருந்தது ஒரே ஒரு குவாண்டம் பிட். அதிலிருந்தது வேறொரு ஆய்வகம் அனுப்பிய தகவல். ஒன்பது மணிக்கு அவர்கள் சரிபார்க்கும்வரை யாரும் அளக்கக் கூடாது. அளந்தால் நிலை மாறிவிடும். காவல் என்னுடையது, கெட்டால் வேலை போய்விடும்.

"பதினஞ்சு எங்க மாமா?"

மாமா என்றால் அக்கா புருஷன். இந்த அறையின் பொறுப்பாளர். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர். வாரத்துக்கு ஒருமுறை அதைச் சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன அனுப்பியிருக்கானுங்கன்னு லேசாப் பார்த்தேன். கூட்டத்துல கேட்டா சொல்லணும்ல. அதான் அந்த வரிய அழிச்சிட்டேனே. தகவலை அழிச்சா அளந்ததும் இல்லாமப் போயிடும்."

"இத யார் சொன்னா, அக்காவா?"

"வாயைக் குறைடா."

"லேசா அளந்தா திருப்பலாம். பிட்டைத் தலைகீழாக்கி, அதே வலுவுல இன்னொரு தடவை அளக்கணும். பச்சை விளக்கு வந்தா பழையபடி ஆயிடும். சிவப்பு வந்தா செத்துச்சு. எவ்வளவு வலுன்னு இருந்த வரியத்தான் நீங்க அழிச்சிருக்கீங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்து சதவீதம்."

ஒன்பது வருடப் பழக்கம். பொய் சொல்லும்போதுதான் துடைப்பார்.

நாற்காலியை விட்டு எழுந்தேன். "பத்துன்னு போட்டு நீங்களே அழுத்துங்க. உங்க பேர்லயே பதிவாகட்டும்."

அவர் கை நகரவில்லை.

"எண்பது," என்றார். "லேசா வச்சா ஒண்ணும் தெரியல."

"எண்பதுன்னா பச்சை வர்றது சந்தேகம்."

"போடுடா, பேசாம."

போட்டேன். இரண்டு வினாடி. சிவப்பு.

"உன் ஷிஃப்ட்ல போச்சு," என்றார் உடனே. அந்தக் குரலில் நிம்மதி இருந்தது.

தாள் பதிவேட்டை எடுத்தேன். திரையில் பதிவாவதை அதில் மையாலும் எழுதுவதுதான் இங்கே விதி. பதினைந்து: அளவீடு, வலு எண்பது. பதினாறு: என் நுழைவு. பதினேழு: திருப்ப முயற்சி, தோல்வி. பதினேழுக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். பதினைந்துக்கு எதிரே காலியாக விட்டு, பேனாவை அவர் முன்னால் வைத்தேன்.

"இதை அழிக்க முடியாது மாமா. வேணும்னா கிழிச்சுக்குங்க."

வெளியே வந்து கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பேனா வைத்த இடத்திலேயே இருந்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.