மருமகள் கைப்பால்

உதட்டருகே கொண்டுபோன வெள்ளிப் பாலாடையை வசந்தாமணி சாய்க்கவில்லை. ஒரு கணம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு அதைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

கட்டிலைச் சூழ்ந்திருந்த பெண்கள் அவளுக்குக் கை நடுங்கியதாக எண்ணினர். கிடப்பவளின் தங்கையான மயிலாத்தாள், பாலாடையை எடுத்து மீண்டும் அவள் விரல்களுக்குள் திணித்தாள்.

“ஊத்து அம்மணி. எல்லாரும் ஊத்தியாச்சு. உங்கைப் பாலுக்குத்தான் எங்கக்கா உசுரு நிக்குது.”

“நான் ஊத்தறதா இல்லீங்க சின்னத்தை.”

குரல் உயரவில்லை. அதனாலேயே, கூடத்துக் கோடியில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமியார் பழனாத்தாள் விழுந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. இடப்பக்கம் முழுதும் செயலற்று, நாவும் ஒடுங்கிவிட்டது; செவியும் வலக்கண்ணும் மட்டும் விழித்திருந்தன. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயமுத்தூர் மருத்துவமனையில் சொல்லிவிட, போத்தனூருக்குத் தெற்கேயுள்ள இந்தத் தோட்டத்து வீட்டுக்குக் கொண்டுவந்து இது நான்காம் நாள். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், உற்றார் ஒவ்வொருவரும் ஒரு மிடறு பால் ஊற்றி விடைதர வேண்டும் என்பது முறை. மகன் தம்பிதுரை ஊற்றினான். பங்காளிகள் ஊற்றினர். வசந்தாமணியின் அண்ணன் கருப்புசாமியும் ஊற்றினான். சித்தோட்டிலிருந்து வந்திருந்த மனிதர்கூட ஊற்றிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பாலாடை, எண்பத்தாறில் திருமணம் முடிந்த கையோடு, பிறக்கப்போகும் பேரனுக்கென்று பழனாத்தாள் வாங்கியது. ஒன்பது வருடம் பீரோவுக்குள் மஞ்சள் துணி சுற்றிக் கிடந்தது. இன்று காலையில்தான் முதன்முதலாக அதில் பால் பட்டது.

மணமான மூன்றாம் நாளே தம்பிதுரை பவானி ஜமக்காளத்தை எடுத்துப்போய்க் கூடத்தில் விரித்துக்கொண்டான். “தப்பா நெனச்சுக்காத,” என்றான். அதற்குமேல் அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை. மற்றபடி அவன்மீது பழுது கூற ஏதுமில்லை. குடியில்லை, கைநீட்டியதில்லை. காலையில் அவள் விளக்கேற்றிப் பதிகம் பாடுகையில், பட்டறைக்குப் புறப்பட்டவன் நின்று முடியும்வரை கேட்டுவிட்டே போவான். நான்கைந்து வருடத்தில் அவள் அந்த ஜமக்காளத்தோடு ஒருவாறு உடன்பட்டுவிட்டாள். துறவிகள் இருவர் ஒரு கூரையின்கீழ் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

உடன்பட முடியாதது வேறொன்று. இரண்டாம் வருடம் பழனாத்தாள் அவளைப் பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனாள். சோதித்து முடித்த மருத்துவர் கைகழுவினார். பிறகு மாமியாரை உள்ளே கூப்பிட்டு, “உங்க மருமக இன்னும் கன்னிப் பொண்ணுங்க. மகனைக் கூட்டிட்டு வாங்க,” என்றார். திரும்பும் வழியில் பழனாத்தாள் உக்கடத்தில் இறங்கி, இரண்டு முழம் முல்லை வாங்கி, தன் கையாலேயே மருமகளின் கூந்தலில் சூட்டினாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள், கருப்பை சிறுத்துப்போனதென்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டதாக ஊரெல்லாம் அறிந்திருந்தது. அன்றுமுதல் எந்த வீட்டு வளைகாப்பிலும் வசந்தாமணியை முன்வரிசையில் நிற்கவிட்டதில்லை.

சென்ற தையில் பழனாத்தாள் மகனுக்கு இரண்டாந்தாரமாகச் சித்தோட்டில் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியைப் பார்த்துவிட்டு வந்தாள்; இன்று பால் ஊற்றிய சித்தோட்டு மனிதர் அவளுடைய அப்பாதான். தம்பிதுரை வேண்டாமென்று சொல்லவில்லை. சேதி எட்டியதும் கருப்புசாமி, உறவைத் தீர்த்துத் தங்கையைக் கூட்டிப்போக வந்து நின்றான். குறை நம் பக்கம் இருக்கையில் வாதாட முடியாது என்று வருந்தினான். உள்ளதை அவனிடம் எடுத்துரைக்க அவளுக்கு நா எழவில்லை. போவதென்றால் மலடி என்ற பெயரைச் சுமந்துகொண்டு போக வேண்டும். இருப்பதென்றால் அந்தச் சிறுபெண்ணும் இதே கூடத்தை இதே கதவிடுக்கின் வழியே பார்த்துக்கொண்டு கிடப்பதைக் காண வேண்டும். எதையும் தேராமலே ஆடி கழிந்தது. ஆவணி பிறந்து ஒருநாள், மனம் ஒருவாறு துணிந்து சேலைகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அடுக்களையில் பழனாத்தாள் பாத்திரங்களோடு சரியும் ஓசை கேட்டது.

பன்னிரண்டு நாளும் கிழவியைப் புரட்டியதும் துடைத்ததும் துணி மாற்றியதும் அவள்தான். துடைக்கும்போதெல்லாம் அந்த வலக்கண் அவளைத் தொடர்ந்தது. அதில் வருத்தம் என்று ஏதேனும் தென்படுகிறதா என்று அவள் தேடினாள். ஒன்பதாம் நாளோடு தேடுவதை விட்டுவிட்டாள்.

இப்போது கருப்புசாமி கட்டிலருகே வந்து தங்கையை அதட்டினான். முதிய பங்காளி ஒருவர், சாகக் கிடப்பவளிடம் என்ன வன்மம் என்று கேட்டார். மயிலாத்தாளுக்குத்தான் பொறுமை முதலில் தீர்ந்தது.

“மடியில பால் ஊறாதவளுக்கு, அடுத்தவ வாயில ஊத்த மட்டும் மனசு வந்துருமாக்கும்.”

இந்தச் சொல்லுக்கென்றே காத்திருந்தவள்போல் வசந்தாமணி நிமிர்ந்தாள்.

“அதையேதானுங்க நானும் கேக்கறேன். ஏன் ஊறலைன்னு உங்கக்கா மகன் இங்க நின்னு சொல்லட்டும். சொன்னாருன்னா ஊத்தறேன்.”

நிலைப்படியில் நின்ற தம்பிதுரையின் முகம் வெளுத்தது.

“அப்பறம் பேசிக்கலாம் வசந்தா.”

“அப்பறம்னா அத்தை இருக்க மாட்டாங்க. அவங்க காதுல உழுகோணுங்க.”

அவன் வெளியேறித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் அமர்ந்தான். ஆள்மாற்றி ஆள் சென்று அவனிடமும் அவளிடமும் பேசிப் பார்த்தனர். எமனையே வாசலில் உட்கார வைத்துவிட்டாள் பார் என்று ஒருத்தி முணுமுணுக்க, இன்னொருத்தி முந்தானைக்குள் சிரித்தாள். வசந்தாமணி கட்டிலின் தலைமாட்டில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வலக்கண்ணையே பார்த்திருந்தாள். அதுவும் இமைக்காமல் அவளைப் பார்த்தது. கிழவியின் மூச்சு ஏறி, நின்று, யோசித்து, இறங்கியது. பல நாட்களுக்குப் பிறகு வசந்தாமணிக்கு நன்றாகப் பசித்தது. ஒரு சொம்பு மோர் வருவித்து, அங்கேயே அமர்ந்து, நிதானமாகக் குடித்தாள்.

மூன்று மணியளவில் தம்பிதுரை உள்ளே வந்தான். எவரையும் பார்க்காமல், தாயின் பாதங்களைப் பார்த்தபடி பேசினான்.

“அவ மேல ஒரு குறையுமில்லீங்க. இந்த ஒம்பது வருசத்துல நான் அவளத் தொட்டதே இல்ல. எனக்கு இதெல்லாம் ஆகாதும்மான்னு கலியாணத்துக்கு முந்தியே சொன்னேன். கட்டி வெச்சாச் செரியாப் போயிரும்னாங்க. டாக்டரம்மா சொன்னதும் அம்மாவுக்குத் தெரியும்.”

மயிலாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கருப்புசாமி தங்கையின் பக்கம் திரும்பத் துணியாமல் தரையை நோக்கினான். சித்தோட்டுக்காரர் மெல்ல எழுந்து வெளியே போனார். பிறகு உள்ளே வரவில்லை.

“போதுமா?” என்றான் தம்பிதுரை. “இனி ஊத்து. அம்மா செரமப்படறாங்க.”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இத்தனை வருடம் அவன் கண்ணெதிரே ஊர் அவளைத் தூற்றியபோது வராத சொல், தாய்க்கு ஒரு மிடறு பால் வேண்டியிருந்தபோது வந்துவிட்டது. அவன் அவளுக்காகப் பேசவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பவளாய் அவள் பாலாடையை எடுத்தாள். உதட்டின் நடுவே வைத்துச் சாய்த்தாள்.

பால் உள்ளே இறங்கவில்லை. கிழவியின் பற்கள் இறுகியிருந்தன. கடைவாயில் வழிந்து, கன்னத்தில் ஓடி, காதுக்குழியில் தேங்கியது. மறுபடியும் ஊற்றினாள், மறுபடியும் வழிந்தது. மயிலாத்தாள் விரலைக் கொடுத்துத் தாடையை நெகிழ்த்தப் பார்த்தாள். காலையிலிருந்து மற்ற அனைவருக்கும் திறந்த வாய் அது. வலக்கண் முன்னெப்போதையும்விட அகலமாய் விரிந்து மருமகளின்மேல் நிலைத்திருந்தது.

வசந்தாமணி பாலாடையைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

“அத்தை கேட்டுப்போட்டாங்க சின்னத்தை,” என்றாள். “எனக்கு அது போதுங்க.”

அரைமணி கழித்து, மருமகள் கைப்பால் இன்றியே ஏறிய மூச்சு இறங்காமல் நின்றது. தம்பிதுரை தாயின் கண்ணை மூடிவிட்டான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எடுத்துப் போனார்கள். ஆண்கள் மயானத்திலிருந்து திரும்புமுன் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டனர். பங்காளி வீட்டுப் பெண்கள் கிணற்றடியில் வரிசையாக அமர்ந்து ஒருவர் தலையில் ஒருவர் நீர் வார்த்துக்கொண்டனர். மயிலாத்தாள் தன் பக்கத்தில் இடம்விட்டு, வசந்தாமணியை வரும்படி கையசைத்தாள். அவளோ, வந்துபோகும் உறவினர் குளித்துக்கொண்டிருந்த வாசல் குழாயடிக்குச் சென்று, ஒரு வாளி நீரைத் தானே தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

சேலை மாற்றிப் பையோடு அவள் வந்தபோது கருப்புசாமி திகைத்தான். மயானத்திலிருந்து வந்த ஈரம் அவன் வேட்டியில் இன்னும் உலரவில்லை.

“பதினாறு கழியட்டும் அம்மணி. இந்த ஊட்டுத் தீட்டு உனக்கும் இருக்குதல்லோ?”

“ஒறம்பரையா வந்துபோறவங்களுக்கு ஒரு முழுக்குத்தானுங்கண்ணா. நான் முழுகிட்டேன்.”

அண்ணன் பையை வாங்கிக்கொண்டு வாடகைக் காரை நோக்கி நடந்தான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தனர். வேறு எந்த நாளாயினும் ஒவ்வொருவரும் வாசலில் நின்று ‘போயிட்டு வாரேனுங்க’ என்று இரண்டு முறையாவது சொல்லாமல் நகரமாட்டார்கள். சாவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. வந்த சுவடு தெரியாமல் எழுந்து போய்விட வேண்டும். மொட்டையடித்த தலையோடு தம்பிதுரை நிலைப்படியருகே நின்றிருந்தான். அவள் வருவதைக் கண்டு வாயெடுத்தான்.

“வசந்தா, நான்தான் சொல்லிப்போட்டனே. இன்னும் என்ன…”

முடிக்காமல் விட்டான். முடிக்கட்டும் என்று அவளும் சற்றே நின்றாள். பிறகு மற்ற உறவினரைப் போலவே, ஒன்றும் சொல்லாமல், தலை குனிந்து அவனைக் கடந்து படியிறங்கினாள்.

கார் தோட்டத்துத் தடத்தில் திரும்பியது. வேலிப் படலருகே, எடுக்கும்வரை வாசலிலேயே தங்கியிருந்த சித்தோட்டுக்காரர் பேருந்துக்கு நடக்கத் தொடங்கியிருந்தார். கார் வருவதைக் கண்டு வேலியோரம் ஒதுங்கினார். உள்ளே இருப்பது யார் என்று தெரிந்ததும், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றார்.