பண்ணையம்மாவின் ஞானப்பிள்ளைகள்

கங்காணி செகுண்டோ கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது தோமாசா மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். வந்தவன் சவுக்குக் கட்டையால் அவள் புருஷன் இலாரியோவின் விலாவில் இரண்டு போட்டான். அவன் அடுப்படியில் சுருண்டு விழுந்தான். உருளைக்கிழங்குச் சட்டி கவிழ்ந்தது. அதற்குப் பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னான்.

"மருத்துவச்சி பாஸ்குவாலாவை ஞானத்தாயா நிக்கச் சொன்னியாமே? பண்ணையம்மா கை உம் பொண்ணு தோள்ல பட்டா தேஞ்சா போயிரும்? அந்தக் கிழவிய தானியக் கொட்டடியில போட்டுப் பூட்டியாச்சு. மரியாதையா கோவிலுக்கு வந்து சேரு."

ஆயர் ஏழு வருஷத்துக்கு ஒருமுறைதான் இந்த மலையேறி வருவார். பரிசுத்த ஆவியை இறக்கும் உறுதிப்பூசுதலைக் கொடுக்கும் அதிகாரம் அவர் ஒருவருக்கே. அது ஆகாத பெண்ணுக்குப் பங்குச்சாமியார் கல்யாண ஓலை வாசிக்க மாட்டார். ஆயர் நெற்றியில் எண்ணெய் பூசும்போது பிள்ளையின் தோளில் ஞானத்தாய் கை வைக்க வேண்டும். பெற்றவள் வைக்கக் கூடாது. பண்ணைக் குடிசைகளில் பிறந்த பெண்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கை பண்ணையம்மா டோன்யா லெவொகாதியாவின் கைதான். ஞானப்பிள்ளை என்று கொஞ்சிவிட்டு, தேறியவளாகப் பார்த்து மறுவாரமே வீட்டு வேலைக்கு இழுத்துக்கொள்வாள். கூலி கிடையாது, திரும்பி வரும் நாளும் கிடையாது.

தோமாசாவின் மூத்த மகள் நீவெஸ் அப்படிப் போனவள். மூன்றாம் வருஷம் மாட்டுவண்டியில் பிணமாக வந்தாள். காய்ச்சல் என்றார்கள். குளிப்பாட்டிய பாஸ்குவாலா அவள் முதுகைத் திருப்பிக் காட்டினாள்: ஐந்து இடத்தில் இஸ்திரிப்பெட்டியின் தடம். அடப்பாவிகளா, காய்ச்சலுக்கு எந்த ஊரில் இஸ்திரி போடுகிறார்கள்? ஆயருக்கு எழுதுகிறேன் என்று சாமியார் சொன்னார். எழுதினாரோ என்னவோ, பதில் வரவில்லை. இப்போது சின்னவள் ருஃபினாவுக்குப் பன்னிரண்டு வயது.

கோவிலில் கூட்டம் நெரிந்தது. ஆயர் பீடத்தின் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகப் பண்ணை வீட்டில்தான் தங்கல். ஆட்டுக்கறியும் மெத்தையும் முகத்தில் தெரிந்தன. வரிசையில் முதலாவதாக ருஃபினாவைத்தான் நிறுத்தியிருந்தார்கள். டோன்யா லெவொகாதியா மோதிரக் கையை நீட்டுவதற்குள் தோமாசா நடுவில் புகுந்து, மண்டியிட்டு, ஆயரின் மோதிரத்தை முத்தி செய்தாள். முத்தி செய்த கையை விடவில்லை.

"மூத்தவ தோள்லயும் இவங்கதான் கை வச்சாங்க ஆண்டகை. நீங்கதான் எண்ணெய் பூசுனீங்க. அவளச் சூடு போட்டே கொன்னுட்டாங்க. இவளுக்கு வேற ஆளு நிக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தைதான். அந்த மறைமாவட்டத்தில் அவர் வாய் திறந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பண்ணையாரே எழுந்து நிற்பார். ஆயர் டோன்யா லெவொகாதியாவைப் பார்த்தார். கோவில் கூரை அவள் போட்டுக் கொடுத்தது.

"பெரியவங்க செய்ற உபகாரத்தைத் தட்டக் கூடாதும்மா. கைய விடு," என்றார்.

அவள் விடவில்லை. செகுண்டோவின் சவுக்குக் கட்டை அவள் தலையில் இறங்கியது. மண்டை பிளந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. ருஃபினா அலறினாள். தோமாசா தன் கம்பளிச் சால்வையைச் சுருட்டிக் காயத்தில் அழுத்திக்கொண்டு, விழாமல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆயர் அவளைப் பார்க்கவில்லை. கல் தரையைப் பார்த்தார். "ரத்தம் கீழ விழுந்துச்சா?" என்று சாமியாரைக் கேட்டார். அடிதடியில் ரத்தம் தரையில் பட்டால் கோவில் தீட்டுப்பட்டது. ஆயரே தண்ணீர் மந்திரித்துத் தரையைக் கழுவிச் சுத்தி செய்யும்வரை ஒரு திருச்சடங்கும் நடக்காது. அதற்குச் சாயங்காலமாகிவிடும், அவரோ மத்தியானமே அடுத்த பள்ளத்தாக்குக்குக் கிளம்பியாக வேண்டும். சாமியார் குனிந்து தரையைப் பார்த்தார்.

"இல்ல ஆண்டகை. சால்வையோட போச்சு."

தோமாசாவுக்கு அது காதில் விழுந்தது. நீவெஸ் செத்ததைச் சொன்னபோது அசையாத மனுஷன் ஒரு சொட்டு ரத்தத்துக்கு இப்படிப் பதறுகிறாரே. சால்வையைத் தலையிலிருந்து எடுத்தாள். குனிந்தாள். ரத்தம் பீடத்தின் முதல் படியில் கொட்டியது.

"இப்ப விழுந்துருச்சு ஆண்டகை."

செகுண்டோ அவள் வாயில் உதைத்தான். ஆயர் கையை உயர்த்தி, உள்ளே வேண்டாம் என்றார். ஆகவே முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போய் முற்றத்தில் வைத்து மிச்சத்தை முடித்தான். உள்ளே ஆயர் தலையிலிருந்த ஆயர்முடியைக் கழற்றினார்; சடங்கு நின்றது. நாற்பத்தேழு பிள்ளைகள் நெற்றியில் எண்ணெய் படாமலே வெளியே வந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் தோளில்கூட டோன்யா லெவொகாதியா கை வைக்கவில்லை. தோமாசாவைத் தாண்டும்போது ஒவ்வொரு தாயும் தன் மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

படியைக் கழுவக் குடம் குடமாகத் தண்ணீர் போனது. அவள் தலையைக் கழுவ ஒரு செம்பும் வரவில்லை. இலாரியோ விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து, மகளோடு சேர்ந்து அவளைத் தூக்கி நிறுத்தினான். பாதி ஏற்றத்தில் ருஃபினா கேட்டாள்:

"இனிமே பரிசுத்த ஆவி எங்கிட்ட வரமாட்டாராம்மா?"

முன்பல் இரண்டு போயிருந்ததால் தோமாசாவுக்குச் சொல் குழறியது.

"ஏன் வரமாட்டாரு? ஏழு வருஷத்துக்கு ஒருக்கா குதிரையேறி வந்து பண்ணை வீட்டுல படுக்கிறவரா அவரு?"