கேள்வி நாற்காலி

அமிர்தலிங்கம் தம் வாழ்நாளில் பெயர் போடாமல் எழுதிய கடிதம் ஒன்றே ஒன்றுதான். அதை எழுதி மூன்று வாரமாகியும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மலேசியாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பா ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அதே ஆபீசில் இவரும் முப்பது வருடம் கிராணி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் திலகா அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. வார நாளில் பள்ளி, சனி ஞாயிறில் பல்கலைக்கழகம் என்று இரண்டு வருடமாக நாடகக் கல்வியில் முதுகலை படிக்கிறாள். பிள்ளைகளை நடிக்க வைத்துப் பாடம் சொல்லும் படிப்பு. கூத்தாட வைக்க ஒரு பட்டமா என்று முதலில் முகம் சுளித்தவர், பெயருக்குப் பின்னால் சேரப்போகும் எழுத்துகளை எண்ணிச் சமாதானம் ஆகியிருந்தார்.

வினை அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நாடகத்தில் வந்தது. பிள்ளைகள் தோட்டத்துப் பெரியவர்களிடம் கதை கேட்டு வந்து, அதையே நாடகமாக்க வேண்டும். கிழவர் சன்னாசி தன் அக்காவின் கதையைச் சொல்லிவிட்டார். அவளுக்குப் பிரசவ வலி கண்டபோது, சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக லோரி கேட்டிருக்கிறார்கள். 'பால் ஏத்துற நேரம், லோரி கிடையாது' என்று கிராணி கதவைச் சாத்தினார். தாயும் போனாள், பிள்ளையும் போனது.

நாடகத்தில் அந்தக் கிராணிக்குப் பெயர் இல்லை. ஆனால் அவர் யார் என்று தோட்டத்தில் அறுபதைத் தாண்டிய எல்லாருக்கும் தெரியும். எத்தனையோ கிராணிகள் வந்து போன ஆபீஸ் என்பதால், திலகாவுக்குத்தான் அது தன் தாத்தா என்று தெரியாது. லோரி அன்று சும்மாதான் நின்றது என்பதுவரை அமிர்தலிங்கத்துக்குத் தெரியும். அப்பா சாகக் கிடக்கையில் அவரிடம் மட்டும் சொன்னது.

குடும்ப மானத்தைப் பள்ளிப் பிள்ளைகள் மேடையில் ஏலம் போடுவதா? 'பெற்றோர்கள்' என்று மட்டும் கீழே போட்டு, திருத்தமான மலாயில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நாடகம் நின்றது. நாடகம் இல்லாமல் ஆய்வு இல்லை. திலகாவின் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பழி தாயம்மா தலையில் விழுந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. கிராணியாக நடிக்கவிருந்தது அவளுடைய மகள் ஹேமலோஷினி. ஒத்திகையால் பிள்ளை லேட்டாக வருகிறது என்று பெற்றோர் வாட்சப் குழுவில் ஒருமுறை சலித்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான். போன வாரம் பசாரில் அவரை வழிமறித்துக் கேட்டாள்: "ஐயா, டீச்சர் மொகம் குடுத்தே பேச மாட்றாங்க. நான் என்னா செஞ்சேன்? நீங்க கொஞ்சம் கேட்டு சொல்லுங்கலா." கேட்டுச் சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு, வாங்க வந்த மீனை மறந்து வீடு திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், திலகா கூடத்தின் நடுவே ஒரு நாற்காலியைப் போட்டாள்.

"அப்பா, உக்காருங்க. நாளைக்கு தலைமையாசிரியர் முன்னால தாயம்மாவ வெச்சு கேக்கப்போறேன். அதுக்கு பழகிக்கணும்."

"நான் எதுக்கு?"

"எங்க கிளாஸ்ல செய்யிற பயிற்சிதான்ப்பா. கேள்வி நாற்காலி. அதுல உக்கார்றவங்க வேற ஆளா மாறிடணும். நீங்க இப்ப தாயம்மா. நான் கேக்க கேக்க அவங்களா பதில் சொல்லணும்."

மறுத்தால் சந்தேகம் வரும். உட்கார்ந்தார்.

"ஏன் தாயம்மா அந்த லெட்டர எழுதுனீங்க?"

"நான் எழுதல, டீச்சர்."

"அப்பிடித்தான் சொல்வீங்க. குரூப்ல மொதல்ல குறை சொன்னது யாரு?"

"புள்ள லேட்டா வந்துச்சு, சொன்னேன். அதுக்காக எழுதுவனா? மலாய்ல ஒரு பாரம் நெரப்பவே நான் ஆள் தேடுவேன்."

"அப்ப யார்கிட்ட எழுதி வாங்குனீங்க?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் வழி அடைத்திருந்தது. உண்மையைச் சொல்லியும் நம்ப ஆளில்லாமல் இப்படியொரு நாற்காலியில் நாளை தாயம்மா உட்காரப்போகிறாள்.

"பொய் சொல்லாதீங்க தாயம்மா. என் ரெண்டு வருஷ படிப்பு."

"தாயம்மா எழுதல. நான் எழுதினேன்."

"அப்பா, ஆள் மாறிட்டீங்க." திலகா சிரித்தாள். "நடிக்கிறப்ப நடுவுல அப்பாவா வரக்கூடாது."

"நடிக்கலம்மா."

சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போனது.

"மரியாதையா 'துவான்'னு ஆரம்பிச்சு, தலைப்புக்கு கீழ ரெண்டு கோடு," என்றாள் மெல்ல. "சின்னதுலேர்ந்து நீங்க எழுதி பாத்த லெட்டர்லா. தலைமையாசிரியர் காட்டினப்ப எனக்கு ஏன் தோணாம போச்சு? எதுக்குப்பா?"

"அந்த கிராணி ஒன் தாத்தா."

லோரி சும்மா நின்றதையும் சொல்லிமுடித்தார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தாத்தா பேர காப்பாத்தினீங்க. சரி. தாயம்மா பேரு?"

திலகா எழுந்து கார்ச் சாவியை எடுத்தாள். "கெளம்புங்க."

"சட்டை போட்டுட்டு வந்துடறேன்."

"வேணாம். சட்டைய போட்டீங்கன்னா மறுபடியும் பெரிய கிராணி ஆயிடுவீங்க."

பனியனும் சாரோங்குமாகத் தெருவில் இறங்கியது அவருக்கு நினைவு தெரிந்து அதுவே முதல் தடவை. தோட்டத்தில் ரப்பருக்குப் பதில் நட்ட செம்பனை வரிசைகள் முடியும் இடத்தில் தாயம்மாவின் வீடு. கார் சத்தம் கேட்டு அவள் ஈரக்கையோடு வெளியே வந்தாள். அவரை அந்தக் கோலத்தில் பார்த்துத் திகைத்தவள், பின்னால் வரும் திலகாவைக் கண்டதும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், எம்புள்ள மேல சத்தியமா நான் எழுதல," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்பே.

திலகா அப்பாவைப் பார்த்தாள்.

"தெரியும்மா," என்றார் அமிர்தலிங்கம். "எழுதினவன்தான் வந்திருக்கேன்."