கை காட்டினவர்

வள்ளத்துக்குள் நின்ற எட்வேர்ட் மாஸ்டர் கறிச்சட்டியை வாங்கக் கை நீட்டினார். ஐரிஸ் அவரைப் பார்க்கவில்லை. முழங்காலளவு தண்ணீரில், ஒரு கையால் சீலையைத் தூக்கிப் பிடித்தபடி, "இந்தாரும் தம்பி, சரியாமல் வையும்" என்று சட்டியை வள்ளக்காரன் அருட்பிரகாசத்திடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கி மாஸ்டரிடம் கொடுத்தான். கொழும்புத்துறை இறங்குதுறையில் நின்ற பாடகர் குழு முழுவதும் கண்டும் காணாததுபோலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

லெந்து நோன்பு நாட்களில் சிலர் இறைச்சியை விடுவார்கள். சிலர் சுருட்டை விடுவார்கள். ஐரிஸ் அந்த வருடம் கூடப்பிறந்த அண்ணனோடு கதைப்பதை விட்டிருந்தாள். ஈஸ்டர் வந்ததும் மற்றவர்கள் விட்டதையெல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். அவள் இன்னும் பிடிக்கவில்லை.

நாற்பது வருடமாக மெதடிஸ்த கோயில் பாடகர் குழுவில் பாடியவள் அவள். குழுவை நடத்துகிறவர் அண்ணன் எட்வேர்ட் மாஸ்டர். ஈஸ்டர் பாட்டுப் பழகத் தொடங்கிய முதல் நாளே, பாட்டை நடுவில் நிறுத்தி, எல்லாருக்கும் முன்னால், "ஐரிஸ், உன்ரை குரல் இறங்குது. நீ இந்தமுறை கீழை, சனத்தோடை இரு" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது பிழை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். குரல் இரண்டு வருடமாகவே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அது ஐரிஸுக்கும் தெரியும். ஆனால் வீட்டில், தேத்தண்ணி குடிக்கிற நேரம், மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பாட்டுப் புத்தகத்தை மூடினாள், வாயையும் மூடினாள்.

ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர் கதைக்காமல் சீவிப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. அதற்கென்று ஒரு முறையே உண்டு. சொல்லவேண்டியதைச் சுவருக்கோ பூனைக்கோ சொல்லவேண்டும், கேட்கவேண்டியவர் கேட்டுக்கொள்வார். "சோறு போட்டுக் கிடக்கு" என்று ஐரிஸ் அடுப்படிக் கதவுக்குச் சொல்வாள். "தேயிலை முடிஞ்சுபோச்சு" என்று மாஸ்டர் பூனைக்குச் சொல்வார். பின்னேரம் தேயிலை வந்துவிடும். ஆட்கள் யாரும் வந்திருந்தால் பூனைக்கு ஓய்வு, எல்லாம் அவர்கள் வழியாக நடக்கும்.

இருவருக்கும் வேறு ஆட்கள் இல்லை. தங்கச்சிக்கு ஒரு இடம் சரிவரட்டும் என்று அண்ணன் கலியாணம் கட்டாமல் இருந்தார். அண்ணனைத் தனிய விட்டுவிட்டு எப்படிப் போவது என்று தங்கச்சி வந்த இடத்துக்கெல்லாம் குறை சொன்னாள். இப்படியே ஆளுக்காள் விட்டுக்கொடுத்து அவருக்கு அறுபத்தாறும் அவளுக்கு ஐம்பத்தொன்பதும் ஆகிவிட்டன.

ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் பாடகர் குழு வள்ளத்தில் போய், ஒரு மணல்திட்டில் இறங்கி, பாடி, குளித்து, சாப்பிட்டு, பொழுதுபட முன்னம் திரும்புவது முந்திய வழக்கம். ஆறு வருடமாகக் கடலில் இறங்கப் பயம். இந்த வருடம் இந்தியன் ஆமி போய்விட்டது, கொஞ்ச நாளாக ஒருவரும் ஒருவரையும் சுடவில்லை. அது போதும் என்று மாஸ்டர் வள்ளம் பேசிவிட்டார். மத்தியானச் சாப்பாடு எப்போதும் ஐரிஸின் பொறுப்பு. பாட்டுக்கு வேண்டாமென்றாலும் சோற்றுக்கு வேண்டும்தானே, அதனால் வருகிறாள் என்றுதான் பதினொரு பேரும் நினைத்தார்கள்.

உண்மை வேறு. விடிய எழும்பி ஆட்டிறைச்சி பிரட்டும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு இலை போட்டதும் நேரே அவர் முகத்தைப் பார்த்து, "அண்ணை, சாப்பிட வாங்கோ" என்று சொல்வது. மூன்றே சொல். நாற்பத்தேழு நாள் வீம்பை இறக்கிவைக்க அது போதும். அவர் "ஓம், வாறன்" என்பார். அதற்குப் பிறகு ஒருவரும் ஒருவரையும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. வள்ளத்தில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தபோதும் அந்த மூன்று சொல்லைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சின்னப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒப்புவிக்கப் போவதுபோல இருந்தது.

மணல்திட்டில் ஒரு மரமும் இல்லை. அருட்பிரகாசம் நாலு தடி ஊன்றித் தறப்பாள் கட்டி நிழல் செய்தான். எல்லாரும் கரையோரமாக, இடுப்பளவு தண்ணீரில் நின்று குளித்தார்கள். மாஸ்டர் மட்டும் சேட்டைக் கழற்றி நாலாக மடித்து வைத்துவிட்டு, காற்சட்டையோடு தூரத்துக்கு நீந்தத் தொடங்கினார்.

"அங்காலை வாய்க்கால் கிடக்கு மாஸ்டர், நல்ல ஆழம். இஞ்சாலை நில்லுங்கோ" என்று அருட்பிரகாசம் கத்தினான்.

"நீர் பிறக்க முன்னமே நான் நீந்தினவன், ஐசே!"

ஐரிஸ் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். போகவேண்டாம் என்று சொல்ல நாக்கு எழும்பியது. ஆனால் நாற்பத்தேழு நாளுக்குப் பிறகு வருகிற முதல் பேச்சு புத்திமதியாக இருந்தால் நன்றாயிராது என்று பட்டது. பக்கத்தில் தலை துவட்டிக்கொண்டு நின்ற தேவராஜாவைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிற வேலை அவனுக்கு, குழுவில் அடித்தொண்டைக் குரல்.

"தேவராஜா, உம்மடை மாஸ்டருக்குச் சொல்லும், வயசு அறுபத்தாறு எண்டு."

தேவராஜா சிரித்தான். "நீங்களே சொல்லுங்கோவன் அக்கா."

குளித்து முடித்தவர்கள் தறப்பாளுக்குக் கீழே வந்து இருந்தார்கள். குழுவில் இளையவள் வினிபிரட், நேற்றுக் கோயிலில் எல்லாரும் பாடிய ஈஸ்டர் பாட்டைத் தொடங்கினாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐரிஸ் கொஞ்சம் தள்ளி, மணலில் பாய் விரித்து, வாழையிலைகளைத் துடைத்துப் போட்டாள். சோற்றுப் பானையின் சீலையை அவிழ்த்தாள். நேரம் வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் அவருடைய தலையும் ஒரு கையும் தெரிந்தன. கை நேரே மேலே நின்றது. முகம் இந்தப் பக்கம். அவளைத்தான் பார்க்கிறார்.

ஐரிஸ் அப்படியே இளகிப்போனாள். அவராக முதலில் இறங்கி வந்துவிட்டார், அதுவும் எல்லாருக்கும் முன்னால். அழவேண்டும்போல இருந்தது. ஆனாலும் பிறந்த குணம் எங்கே போகும்? இவ்வளவு நாள் இருந்த மனுசன் இன்னும் ஒருக்காக் காட்டட்டும் என்று முகத்தைத் திருப்பினாள். நேராகக் கிடந்த இலையொன்றை எடுத்துத் திரும்பவும் நேராகப் போட்டாள்.

மறுபடி பார்த்தபோது கை இல்லை. தலையும் இல்லை. சுழியோடுகிறார் என்று நினைத்தாள். அதற்குப் பிறகும் அவள் கூப்பிடவில்லை.

"தேவராஜா, மாஸ்டரைக் கூப்பிடும். சோறு ஆறுது."

தேவராஜா தண்ணீர்க் கரைக்குப் போய் இரண்டு தரம் கூப்பிட்டான். மூன்றாம் தரம் கூப்பிட முன்னம் அருட்பிரகாசம் அவனைத் தாண்டி ஓடினான்.

இருவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தேவராஜா நெஞ்சை அமத்தினான், வாயில் ஊதினான், புரட்டிப் போட்டு முதுகைத் தட்டினான். கால் மணித்தியாலம் விடவில்லை. பிறகு கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு மணலில் இருந்துவிட்டான். "அக்கா" என்றான்.

"தண்ணி வத்திப்போச்சு" என்றான் அருட்பிரகாசம், தான் வற்றவைத்தவன்போலத் தலையைக் குனிந்துகொண்டு. "வள்ளம் தரை தட்டிக் கிடக்குது. மூண்டு மணிக்கு முன்னம் அசையாது."

அப்போது பன்னிரண்டரை. இருந்தது ஒரே ஒரு நிழல். அதற்குள் மாஸ்டரைக் கிடத்தினார்கள். உயிரோடு இருந்தவர்கள் வெயிலுக்குள் வந்து குந்தினார்கள். ஐரிஸ் அவருக்குப் பக்கத்தில் இருந்து, காதுக்குள் போயிருந்த மணலைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். ஒரு பாட்டுப் பாடுவோமோ என்று யாரோ கேட்டார்கள். தொடக்கிவைக்கிறவர் படுத்துக் கிடந்தார்.

ஒன்றரை ஆனபோது கிழவர் தம்பிஐயாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சீனி வருத்தக்காரர், நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். வினிபிரட்டும் தேவராஜாவும் குசுகுசுத்தார்கள். சோற்றுப் பானையைப் பார்த்தார்கள், தறப்பாளைப் பார்த்தார்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலார் சமைத்துக்கொண்டு வந்து துக்கக்காரரைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவார்கள். இங்கே அயல் என்று இருந்தது கடல்தான்.

ஐரிஸ் எழும்பினாள். இலைகளில் படிந்திருந்த மணலைத் தட்டிவிட்டுச் சோறு போட்டாள்.

"வாங்கோ. சாப்பிடுங்கோ. கொட்டிப்போட்டு என்ன செய்யிறது?"

ஒருவரும் அசையவில்லை. அவள் தம்பிஐயாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தினாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். தறப்பாளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவள் குனிந்து குனிந்து இறைச்சி போட்டாள், குழம்பு விட்டாள், போதும் என்று கை மறித்தவர்களுக்கும் விட்டாள். தம்பிஐயா அழுதுகொண்டே சாப்பிட்டார். "உப்புப் புளி எல்லாம் அளவாக் கிடக்கு, பிள்ளை" என்றார். சொல்லக்கூடாத நேரத்தில் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது, ஆனாலும் வேறென்னத்தைச் சொல்வது?

அவள் சாப்பிடவில்லை. திரும்பிப் போய் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த மூன்று சொல்லும் அப்படியே வாய்க்குள் கிடந்தன. இனி அவற்றை விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

மூன்றரைக்குத்தான் தண்ணீர் வந்து வள்ளம் மிதந்தது. டொக்ரர் இதயம் நின்றுபோனதாக எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஊரே முற்றத்தில் நின்றது. பக்கத்து வீட்டுக் குணலட்சுமி ஐரிஸைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, செத்தவீட்டில் எல்லாரும் கேட்கிறதைக் கேட்டாள்.

"கடைசியா உங்களோடை என்னக்கா கதைச்சவர்?"

பாடகர் குழு நிலத்தைப் பார்த்தது. அவர்களுக்குத் தெரியும்.

"கதைக்கேல்லை" என்றாள் ஐரிஸ். கொஞ்சம் பொறுத்து, "கை காட்டினவர்" என்றாள்.

"ஐயோ, போட்டுவாறன் எண்டு சொல்லிப்போட்டெல்லே போயிருக்கிறார்! தங்கச்சிக்குக் கை காட்டிப்போட்டுப் போற சாவு ஆருக்கு வாய்க்கும்?"

அவள் பொய் சொல்லவில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கதை கூடத்திலிருந்து முற்றத்துக்குப் போனது, முற்றத்திலிருந்து தெருவுக்குப் போனது. மறுநாள் அடக்க ஆராதனையில் போதகரே அதைச் சொன்னார். "தன்னுடைய அருமைச் சகோதரிக்குக் கையசைத்து விடைபெற்று, தம் ஆண்டவரிடம் சென்றார்." பின்னால் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஐரிஸ் முன்வரிசையில் தனிய இருந்து, கேட்டுக்கொண்டிருந்தாள். எழும்பி நின்று, அது அப்படியில்லை, நான் முகத்தைத் திருப்பினேன் என்று கத்தினால் என்ன என்று ஒரு கணம் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் வினிபிரட் சாப்பாட்டுக் கரியரோடு வந்தாள். அதை மேசையில் வைத்தவள் போகாமல் நின்றாள். இவளிடம் சொல்லிவிடலாம் என்று ஐரிஸ் நினைத்தாள். ஒரு ஆளுக்காவது சொல்லாவிட்டால் இந்த வீட்டுக்குள் இனி மூச்சு விட ஏலாது.

"வினி, அவர் கை காட்டினது…"

"நானும் கண்டனான் அக்கா."

ஐரிஸ் அவளைப் பார்த்தாள்.

"பாட்டைத் தொடங்கினது நான்தானே. அவ்வளவு தூரத்திலை நிண்டும் கை காட்டி எங்களை நடத்திறார் எண்டு நினைச்சன். அவருக்குக் கேக்கட்டும் எண்டு இன்னும் சத்தமாப் பாடினன் அக்கா." வினிபிரட் அப்படியே நிலத்தில் இருந்து, ஐரிஸின் மடியில் முகத்தைப் புதைத்தாள். "ஒரு சனத்துக்கும் நான் சொல்லேல்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார். நான் பாடிக்கொண்டிருந்திட்டன்."

இரண்டு நாளாக ஐரிஸிடம் மிஞ்சியிருந்தது அந்தக் கை ஒன்றுதான். தண்டனை என்றாலும் அவளுக்கென்று காட்டிய கை. இப்போது அது ஆருக்குக் காட்டியது என்றே தெரியவில்லை. வந்தவள் கையைப் பங்கு கேட்டு வந்ததுபோல அவளுக்குக் கோபம் கூட வந்தது. மடியில் கிடந்த தலை குலுங்கிக் குலுங்கி அழுதது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் நாற்பது வருடம் பாட இருக்கிறது.

ஐரிஸ் அந்தத் தலையைத் தடவினாள்.

"அது கூப்பிட்ட கை இல்லைப் பிள்ளை."

"இல்லையோ?"

"இல்லை. எனக்குத் தெரியாதே அவரின்ரை கையை? பாட்டுக்குத்தான் காட்டினவர். நீங்கள் நல்லாத்தானே பாடினனீங்கள்."

வினிபிரட் நிமிர்ந்து அவள் முகத்தை நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்தாள். போகும்போது, "நீங்கள் ஏதோ சொல்ல வந்தனீங்கள் அக்கா" என்றாள்.

"ஒண்டுமில்லை. நீ போட்டு வா."

சைக்கிள் போன சத்தம் ஓய்ந்ததும் ஐரிஸ் கேற்றைச் சாத்திவிட்டு வந்தாள். கரியரைத் திறந்து, கோப்பையை எடுத்துச் சோறும் கறியும் போட்டு மேசையில் வைத்தாள். கதையில்லாத அந்த நாற்பத்தேழு நாளும் முதலில் சாப்பிட்டவர் அவர்தான். அவர் எழும்பிக் கதிரையைப் பின்னுக்கு அரக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் இவள் அடுப்படியிலிருந்து வந்து இருப்பாள். ஐரிஸ் அடுப்படிக்குள் போனாள். நல்ல பசி. கதவுக்கு இந்தப் பக்கம், சீலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கதிரை அரக்குகிற சத்தத்துக்காக நின்றாள்.